ஆறு ஜோடி கேன்வாஸ் ஷூ

கலியபெருமாள் செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டான். ஜோடி பிரியாமல், சுவரை ஒட்டி, யார் காலிலும் இடறாத இடமாகப் பார்த்து விட்டான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான். வாசலில் நின்ற செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான்.

"பெரியவரே, வெறுங்காலோட உள்ள வரக் கூடாதுங்க."

"கழட்டிட்டுத்தானே தம்பி வரேன்?"

"அதான் கூடாதுங்கறேன். உள்ள சிந்தெடிக் தரை. செருப்பும் கூடாது, வெறுங்காலும் கூடாது. அதுக்குன்னு ஷூ இருக்கு, அதப் போட்டாத்தான் உள்ள வுடுவாங்க. இப்படி ஓரமா ஒக்காந்து மைக்குல கேளுங்க."

"நாங்க ரெண்டு பேரும் இந்த எடத்துல ஆடுனவங்க தம்பி" என்றேன் நான்.

"காலையிலேர்ந்து எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."

எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய உள்விளையாட்டரங்கத்தின் வாசல் அது. உள்ளே திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. விருந்தினர்கள் நடப்பதற்குச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதன்மேல் எந்தச் செருப்பும் போகலாம் போலிருக்கிறது, போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கலியபெருமாளுக்கு ஏறவில்லை. "வுடு மாப்ள, அவன் வேலைய அவன் பாக்குறான்" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். எங்களுக்கு எதிரே சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்திருந்தார்கள். இடம் உபயம் என்று போட்டு, லாரி முதலாளி தனபால் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. எங்கள் பழைய கைப்பந்துக் கழகத்தின் பெயரை அதில் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் தேடினேன்.

விசில் வந்த வழி

இந்தத் தொடரில் இதுவரை பஸ்ஸைப் பற்றியே எழுதிவந்தேன். கண்டக்டராக இருந்தவன் வேறு எதை எழுதுவான் என்று நீங்களும் பொறுத்துக்கொண்டீர்கள். முதல் வாரத்தில், வேலை கிடைப்பதற்கு முன்பே என் கழுத்தில் விசில் தொங்கியது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஜெயங்கொண்டத்து வாசகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அது எப்படி சார் வேலைக்கு முன்னாடியே விசிலு?" என்று போனில் கேட்டார்.

அதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுவந்தேன். அதைச் சொன்னால் கலியபெருமாளைச் சொல்ல வேண்டும். அவனைச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். நினைத்தாலே எனக்கு வாய் கசக்கும் நாள் அது. படியில் உட்கார்ந்திருந்தபோது, இனி தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

குன்னம் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்த்தெரு ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம். நடுவில் சிமெண்ட் பூசிய பெரிய களம். அறுப்புக் காலத்தில் சோளமும் கடலையும் காயும். காயப்போட்டு, கிண்டிவிட்டு, அள்ளிக் கட்டுவது நாங்கள். மூட்டை போவது ஊர்த்தெருவுக்கு. அறுப்பு இல்லாத மாதங்களில் களம் சும்மா கிடக்கும். அந்த மாதங்களில்தான் எங்கள் கைப்பந்துக் கழகம் பிறந்தது.

கலியபெருமாள்தான் கேப்டன். கழகத்துக்கு 'இளங்கதிர்' என்று பெயர் வைத்ததும் அவன்தான். கொள்ளிடக் கரையில் மீன் பிடிக்கிறவர்களிடம் கிழிந்த வலை ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்து, ஓட்டை அடைத்து, நெட்டாகக் கட்டினான். எனக்கு ஆட்டம் வராது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். கண்டக்டராக இருந்த என் சித்தப்பா பழைய விசில் ஒன்றைக் கொடுத்திருந்தார். கண்ணை மூடுகிறவனை நடுவராகப் போட்டுவிட்டார்கள்.

களத்தில் ஆடுவதற்கு ஊர்த்தெருவில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏற வேண்டும். தானியம் காய்கிற இடம், அது நியாயம்தான். எங்களுக்கும் அது பழகிவிட்டது. ஆட்டம் என்றால் வெறுங்கால் என்றே மனசில் பதிந்துபோயிற்று.

ஆனால் அதே நிபந்தனை தெருவுக்கும் இருந்தது. ஊர்த்தெரு வழியாகப் பஸ்ஸுக்குப் போனால் காலனிக்காரன் செருப்பு கையில் இருக்க வேண்டும். தெருவில் என்ன தானியம் காய்ந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

முள் வெட்டிய இடம்

ஒரு அறுப்பின் முதல் வாரம், களத்தோரம் வந்து இறங்கிய கடலைக் குவியலில் பந்து போய் விழுந்தது. யாரும் சத்தம் போடவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் நெட்டை அரிவாளால் இரண்டாக அறுத்துப் போட்டிருந்தார்கள். களம் அத்தோடு முடிந்தது.

ஊருக்கு வெளியே, ரோட்டோரமாக, ஒரு புறம்போக்கு இருந்தது. ஆள் நுழைய முடியாத சீமைக்கருவேலங் காடு. கலியபெருமாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத யாரும் கேக்க மாட்டாங்க மாப்ள, முள்ளு இருக்குற வரைக்கும்" என்றான். எவ்வளவு சரியாகச் சொன்னான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பருத்தி எடுப்பு இல்லாத நாளெல்லாம் அங்கேதான் கிடந்தோம். பெண்கள் முள்ளை இழுத்து அடுக்கினார்கள். வேரைத் தோண்டத் தோண்ட, நத்தையும் சிப்பியும் பதிந்த கற்களாக வந்தன. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அந்தக் கற்கள் உள்ளங்காலைக் கிழிக்கிற சனியன்கள், அவ்வளவுதான். கூடை கூடையாகப் பொறுக்கிக் கொட்டினோம்.

கோடு போடச் சுண்ணாம்புக்கு அலையவில்லை. அரியலூர்ப் பக்கம் போகிற சுண்ணாம்புக்கல் லாரிகள் குலுங்கிக் குலுங்கி வழியெல்லாம் கொட்டிக்கொண்டு போகும். அதைப் பொறுக்கி, இடித்து, சலித்துக் கோடு போட்டோம். காய்ந்தால் அப்படியொரு வெள்ளை. சாயங்கால வெயிலில் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற கலியபெருமாளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவன் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் வரவில்லை.

முள் போனதும் இடத்தின்மேல் ஊர்த்தெருவுக்கு ஆசை வந்தது. தனபாலின் அப்பா லாரி வாங்கி ஓடவிட ஆரம்பித்திருந்தார். லாரி நிறுத்த அந்த இடம் வேண்டும் என்று தாலுகா ஆபீஸில் கேட்டிருந்தார். எங்கள் தரப்பில் கேட்க ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் தாசில்தார் ஒருநாள் ஜீப்பில் வந்தவர், நாங்கள் ஆடுவதைப் பார்த்து இறங்கிவிட்டார். கல்லூரியில் கைப்பந்து ஆடினவராம். கலியபெருமாள் எகிறி அடித்த ஒரு அடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"ஜில்லாப் போட்டியில ஆடுறீங்களாமே?"

"ஆமாங்க. இன்னும் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சா பைனலுங்க."

"கப்பு வாங்கிட்டு வாங்க. இது விளையாட்டு மைதானம்னு நான் எழுதி மேல அனுப்பறேன். கப்பு கையில இருந்தாத்தான் எனக்கும் பேச முடியும், என்ன?"

எங்களுக்கு வேறு என்ன வேண்டும்? ஒரு கப்பு கிடைத்தால் மண் எங்களுடையது. அந்த இரண்டு ஆட்டத்தையும் பள்ளிக்கூட மண் மைதானங்களில் வெறுங்காலோடு ஆடி ஜெயித்தார்கள்.

தெருவில் ஷூ சத்தம்

பைனல் பெரம்பலூரில், ஒரு தனியார் கல்லூரியில். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த கலியபெருமாளின் தம்பி, விஷயம் கேள்விப்பட்டு ஒரு அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே ஆறு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. எங்கள் காலனிக்குள் வந்த முதல் ஷூ அதுதான். கிழவிகள்கூட வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

போட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தார்கள். குதிகாலில் கொப்புளம் கண்டதுதான் மிச்சம். கலியபெருமாள் சொல்லிவிட்டான்: "டவுனுக்குப் போட்டுக்கிட்டுப் போவோம். ஆட்டத்த நம்ம காலாலயே ஆடுவோம்."

சிறுவாச்சூர் அம்மனை வேண்டிக்கொண்டு கிளம்பலாம் என்றால், அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். பைனல் ஞாயிற்றுக்கிழமை. இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

ஊர்த்தெரு முனைக்கு வந்ததும் எல்லாருடைய கால்களும் தாமாக நின்றன. ஒருவன் குனிந்து லேஸைப் பிடித்தான். கலியபெருமாள் அவன் தோளைத் தட்டினான்.

"எத்தன ஓட்டையில கோத்துக் கட்டியிருக்கு. இனிமே கழட்டவா? நட."

நடந்தார்கள். என் காலில் ரப்பர் செருப்பு. நானும் கழற்றவில்லை. பாதித் தெருவில் தனபால் புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் வயசுதான் அவனுக்கும். தலை முதல் கால் வரை பார்த்தான்.

"என்னடா கலியபெருமாளு, காலெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?"

"பைனலுங்க. பஸ்ஸுக்கு நேரமாயிட்டு, வர்றோமுங்க."

அவ்வளவுதான் பேச்சு. வாயில் 'ங்க' இருந்தது, காலில் ஷூவும் இருந்தது. தெரு முடிகிற வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார்கள். குன்னம் வருகிறவரை சிரித்தார்கள். கண்டக்டர் என்னடா விசேஷம் என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

மரத்தரை

அந்தக் கல்லூரியில் உள்ளரங்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மரத்தரை போட்ட அரங்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம். எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று, முகம் தெரிகிற தரை. வழியில் மழைத் தூறல், கல்லூரிக்கு நடந்து வந்ததில் ஷூவெல்லாம் கரிசல் மண். கலியபெருமாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். சொந்தக்காரன் வீட்டுக் கூடத்தை அழுக்காக்கப் பார்த்தவன் மாதிரி ஓரடி பின்வாங்கினான்.

"கழட்டுங்கடா."

ஆறு பேரும் படியோரம் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார்கள். வரிசையாக, ஜோடி சேர்த்து, சுவரை ஒட்டி விட்டார்கள். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஊரே பார்க்கக் கழற்றாமல் நடந்தவர்கள், யாருமே கேட்காத இடத்தில் தாங்களாகவே கழற்றினார்கள்.

நடுவர் வந்தார். ஆறு பேரின் கால்களையும் பார்த்தார்.

"ஷூ எங்கப்பா?"

"வெளியில வுட்டுருக்கோம் சார்."

"மரத்தரையில வெறுங்காலோட ஆடக் கூடாது. வேர்வையில வழுக்குனா முட்டி போயிடும். போய்ப் போட்டுட்டு வாங்க, நான் நிக்கறேன்."

நல்ல மனுஷன். விதி அவருடையதல்ல. நான்தான் முதலில் வெளியே ஓடினேன். படி காலியாக இருந்தது. நனைந்த படியில் ஷூ இருந்த இடங்கள் மட்டும் காய்ந்து தெரிந்தன.

கல்லூரி வாட்ச்மேன் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "புல்லட்ல வந்தாரே, ஒங்க ஊர்க்காரருதானே? மழையில நனையுது, நம்ம பயலுவளோடதுதான், எடுத்து வெக்கிறேன்னு சாக்குல அள்ளிட்டுப் போனாரு. நானும் கூட ரெண்டு எடுத்துப் போட்டேனே" என்றார்.

எதிரணிக்காரர்கள் தங்கள் மாற்று ஷூக்களை எடுத்துக் கொடுத்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். மூன்று ஜோடி சேர்ந்தது. கலியபெருமாளின் அகலப் பாதம் எதிலும் நுழையவில்லை. கால் விரல்களை மடக்கி மடக்கித் திணித்துப் பார்த்தான். நடுவர் பொறுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் பொறுத்தார். கடைசியில் எதிரணிக்கு வெற்றி என்று கையைத் தூக்கிவிட்டு எங்கள் பக்கம் பார்க்காமல் போனார். ஒரு பந்துகூடப் போடவில்லை. என் விசிலை அன்றைக்கு அவரிடம் காட்டலாம் என்று துடைத்து எடுத்துப் போயிருந்தேன்.

வெங்காயச் சருகு

ஊரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டிலிருந்தே தெரிந்தது. எங்கள் மைதானத்தில், எங்கள் நெட்டில், ஆறு ஜோடி ஷூவும் லேஸோடு லேஸ் முடிந்து வரிசையாகத் தொங்கின. கீழே சுண்ணாம்புக் கோடுகளை டயரை ஏற்றி ஏற்றி அழித்திருந்தார்கள்.

அவிழ்த்து உதறினோம். ஒவ்வொன்றிலிருந்தும் சின்ன வெங்காயச் சருகு கொட்டியது. ஊரில் வெங்காயம் அடைத்துவைக்கிற பட்டறை ஒன்றே ஒன்றுதான், அது தனபால் வீட்டுப் பட்டறை. தான்தான் செய்தேன் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த வெங்காயச் சாக்கிலேயே அள்ளியிருக்கிறான்.

போலீஸுக்குப் போவோம் என்று நான் குதித்தேன். கலியபெருமாள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்: "போயி? ஷூவக் காணும்னு எழுதுவியா? அதான் கொண்டாந்து பத்திரமா மாட்டிட்டாங்களே."

தாசில்தார் ஆபீஸுக்கும் போனோம். கலியபெருமாள் நடந்ததைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, "அப்ப ஜெயிக்கல?" என்றார்.

"ஆடவே வுடலிங்க."

"சரிப்பா, பாப்போம்" என்றார். பார்க்கவில்லை. அடுத்த அறுப்புக்குள் எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் நின்றன. கழகம் என்று ஒன்று நடக்க மண் வேண்டும். மண் போனதும் ஒருவன் திருப்பூர் போனான், ஒருவன் குவைத் போனான். நான் பஸ்ஸில் ஏறினேன், விசிலோடு. கலியபெருமாள் அந்த லாரிகளிலேயே லோடு ஏற்றப் போனான். அவனுக்கு வேறு வேலை கிடைக்காமல் இல்லை. ஏன் அங்கே போனாய் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த மண்ணுலயாச்சும் நிக்கலாம்ல" என்றான்.

புறம்போக்கு பிறகு எப்படித் தனபாலின் பட்டா நிலமாயிற்று, பட்டா நிலம் எப்படி அரங்கத்துக்கு உபயமாயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உள்ளே கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மைக்கில் வந்த சரித்திரம்

படியில் வெயில் ஏறிவிட்டது. செக்யூரிட்டி எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பையன்தான். அப்போதுதான் மைக்கில் தனபால் குரல் கேட்டது. வயசாகியும் குரல் மாறவில்லை.

"இன்னிக்கு இந்தப் புள்ளைங்களுக்கு எல்லா வசதியும் இருக்கு. எங்க காலத்துல ஏது? நானும் என் சேக்காளிங்களும் இதே எடத்துல முள்ளு வெட்டி, கல்லு பொறுக்கி, சுண்ணாம்புக்கல்ல இடிச்சுக் கோடு போட்டு ஆடுனோம். வெறுங்காலுதான். ஷூவக் கண்ணால பாத்தது கெடையாது."

கைதட்டல் அரங்கத்தை நிறைத்து வாசல் வரை வந்தது. நான் எழுந்துவிட்டேன். உள்ளே போய் அந்த மைக்கைப் பிடுங்க வேண்டும் என்று கிளம்பினேன். கலியபெருமாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"கல்லு பொறுக்குனானா, இல்லையான்னு அவனுக்கே மறந்துருக்கும். ஆனா ஷூவப் பாத்துருக்கான் மாப்ள. பன்னெண்டையும் கையில எடுத்து, லேஸோட லேஸு முடிஞ்சு, ஒண்ணு ஒண்ணா மாட்டியிருக்கான். அவன் அளவுக்கு யாரும் பாக்கல. நாங்க போட்டதே அரை நாளுதான்."

சொல்லிவிட்டுக் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டான். ஊர்த்தெரு வழியாகவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.